பிளஸ் டூவின் மீச்சிற்றளவு

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்பார்கள்: "சின்னவன் என்ன பண்றான்?" "பிளஸ் டூ" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பையனுக்கு வயது பதினேழு, வீட்டில் டி.வி. அணைந்து கிடக்கிறது, அம்மா விடிகாலை நாலரைக்கு எழுந்து டீ போடுகிறாள், மார்ச் முடியும்வரை இந்தக் குடும்பம் எந்த விசேஷத்திலும் முழுசாகத் தலைகாட்டாது. இத்தனையும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் வகுப்பு இல்லை, பள்ளி இல்லை, படிப்பும் இல்லை. ஒரு கூட்டல் குறியும் ஓர் எண்ணும்தான் இருக்கின்றன. எதனோடு கூட்டுகிறோம் என்றுகூடச் சொல்லாத பாதிக் கணக்கு அது. மீதிப் பாதியை 1966-இல் டெல்லியில் எழுதி வைத்தார்கள்.

எழுதிய குழுவின் தலைவர் ஓர் இயற்பியலாளர். தௌலத் சிங் கோத்தாரி அலகாபாத்தில் மேகநாத் சாகாவிடம் படித்தவர்; கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தவர். எரிந்து ஓய்ந்த விண்மீன்களில் ஒரு வகைக்கு வெண்குள்ளன் என்று பெயர். அவற்றின் உள்ளே பொருள் எப்படி நசுங்கிக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டவர். அப்படிப்பட்டவரிடம் இந்திய அரசு 1964-இல் பள்ளிக்கூடங்களை ஒப்படைத்தது. அவர் குழுவின் அறிக்கை நாடு முழுவதற்கும் ஒரே சூத்திரத்தைச் சொன்னது: 10+2+3. பத்தாண்டு பொதுக்கல்வி, இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டு பட்டப்படிப்பு. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது.

நடுவில் நிற்கும் அந்த 2 கோத்தாரியின் கண்டுபிடிப்பு அல்ல. பள்ளிக்கும் பட்டத்துக்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் எஃப்.ஏ. என்றும் பிறகு இண்டர்மீடியட் என்றும் அதற்குப் பெயர். இந்த இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து பிரித்தெடுங்கள் என்று 1917-19-இல் சாட்லர் குழு சொன்னது. 1952-53-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, இண்டர்மீடியட்டை நடுவில் வெட்டி ஓர் ஆண்டைப் பள்ளிக்கும் இன்னோர் ஆண்டைப் பட்டப்படிப்புக்கும் கொடுத்துவிடலாம் என்றது. முதல் வகுப்பிலிருந்து பி.ஏ. வரை சென்னை மாகாணத்தின் ஆண்டுகளை எண்ணினால் ஒரு வேடிக்கை தெரியும். பழைய காலத்தில் 11+2+2. ஐம்பதுகளின் நடுவில் புகுமுக வகுப்பு வந்தபோது 11+1+3. கோத்தாரி சூத்திரத்தில் 10+2+3. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் 15. அறுபது ஆண்டுகளாகக் குழு மேல் குழு போட்டு விவாதித்ததெல்லாம் மொத்தம் எவ்வளவு என்பதைப் பற்றியல்ல. கோட்டை எங்கே கிழிப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கோட்டில் தடுக்கி விழுந்தவர்களில் ஒருவரை உலகமே அறியும். சீனிவாச ராமானுஜன் 1903 கடைசியில் மெட்ரிகுலேஷன் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் அவர் மனம் தொடவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைய பேச்சில் சொன்னால், ராமானுஜன் பிளஸ் டூ ஃபெயில்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. முதல் பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. நடந்த மாற்றம் கையளவுதான். பழைய பதினொன்றாம் வகுப்பு பிளஸ் ஒன் ஆயிற்று; கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்குள் இறங்கிவந்து சீருடை போட்டுக்கொண்டு பிளஸ் டூ ஆயிற்று. ஆனால் இதன் விளைவு பெரிது. புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் விடுதியில் சேர வேண்டும். மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் வந்துவிடும், சைக்கிளில் போய்வரலாம். பெண்பிள்ளையைப் பதினைந்து வயதில் வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் மக்கள் இந்தச் சூத்திரத்தைத் தங்கள் வாய்க்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இன்றும் 'இண்டர்'. கர்நாடகத்தில் 'பி.யு.சி.' என்ற பழைய பெயர் இரண்டு ஆண்டுக்கும் நீண்டு நிற்கிறது. தமிழ்நாட்டிலோ கூட்டல் குறியே பெயராகிவிட்டது. அதிலும் ஒரு குறும்பு உண்டு. 10+2 என்ற கணக்கில் 2 என்பது ஓர் அளவு, அதாவது இரண்டு ஆண்டுகள். நம் வாயில் அது வரிசை எண்ணாக மாறி, இரண்டாவது ஆண்டு என்றாகிவிட்டது. கோத்தாரியின் கணக்குப்படி பதினொன்றாம் வகுப்புப் பெண்ணும் பிளஸ் டூதான். நம் கணக்கில் அவள் பிளஸ் ஒன். டெல்லி சூத்திரத்தில் இல்லாத 'பிளஸ் ஒன்' என்ற ஒன்றை நாமே உண்டாக்கினோம், யாரும் கேள்வி கேட்கவில்லை.

பிறகு அந்தச் சொல் எங்கும் பரவியது. "பிளஸ் டூ படிக்கிறாள்" என்றால் வகுப்பு. "பிளஸ் டூ எழுதினேன்" என்றால் தேர்வு. "பிளஸ் டூவுல எவ்வளவு?" என்றால் மதிப்பெண். "குறைந்தபட்சம் பிளஸ் டூ" என்று விளம்பரத்தில் வந்தால் தகுதி. "சார் பிளஸ் டூ திருத்தப் போயிருக்கார்" என்றால் விடைத்தாள். அரசு ஆவணத்தில் 'மேல்நிலை இரண்டாம் ஆண்டு' என்று முறையாக இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இலங்கைத் தமிழர் இதே நிலையை 'உயர்தரம்' அல்லது 'ஏ.எல்.' என்பார்கள். சிங்கப்பூரில் அது 'தொடக்கக் கல்லூரி'. மலேசியாவில் 'ஆறாம் படிவம்'. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 10+2-ஐக் கலைத்து 5+3+3+4 என்று புதுச் சூத்திரம் எழுதியிருக்கிறது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட இடங்களிலும் 'கடைசி நாலில் நாலாவது' என்று எந்தத் தாயும் தன் பிள்ளையைச் சொல்லப் போவதில்லை.

பெயர்க் கதை இவ்வளவே. உண்மையில் வியக்க வேண்டியது அந்தப் பெயருக்குப் பின்னால் ஓடும் எந்திரத்தை. ஆண்டுதோறும் சுமார் 8 லட்சம் பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆறு தாள் என்றால் 48 லட்சம் விடைத்தாள்கள். ஒரு விடைத்தாள் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 9.6 கிலோமீட்டர் உயரம் வரும். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தை அது எட்டிப் பிடித்துவிடும். இந்த அடுக்கைச் சில வாரங்களில் திருத்தி, கூட்டி, சரிபார்த்து, ஒரே காலையில் வெளியிட வேண்டும்.

தேர்வறையில் ஒரு விடைத்தாளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மேலே ஒரு முகப்புத் தாள். மாணவரின் புகைப்படம், பெயர், பதிவெண், பாடம், பட்டைக்குறி எல்லாம் முன்கூட்டியே அச்சாகி வந்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் பள்ளிகளில் தையல் எந்திரச் சத்தம் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். இந்த முகப்புத் தாள்களை வெற்று விடைத்தாள்களோடு வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் அதைப் படிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் முகப்பில் இருக்கும் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்குத்தான் பேனா விடைக்குப் போகும்; 1.15-க்கு நிற்கும். திருத்துபவரின் மேசைக்குப் போகும்போது அந்தத் தாளில் படமும் பெயரும் இருக்காது. டம்மி நம்பர் மட்டும் இருக்கும். யாருடைய தாள், எந்தப் பள்ளி என்று திருத்துபவருக்குத் தெரியாது. யார் திருத்தினார் என்று எழுதியவருக்கும் தெரியாது.

இப்படி இருபுறமும் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1912-இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 64 போட்டவரும் உண்டு, 98 போட்டவரும் உண்டு. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான், கணக்கில் இது நடக்காது என்று சிலர் சொல்லியிருக்கக்கூடும். அடுத்து வடிவியல் தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். விரிசல் இன்னும் அகலமாயிற்று! விடை தவறாக இருந்தாலும் வழி சரியென்று சிலர் மதிப்பெண் தருவார்கள். படம் ஒழுங்காக இல்லையென்று சிலர் குறைப்பார்கள்.

இதைக் கட்டுப்படுத்தத்தான் நம் விடைத்தாள் திருத்தும் முகாமில் அத்தனை அடுக்குகள். உதவித் தேர்வாளர் (முகாமில் அவருக்கு 'ஏ.ஈ.' என்று பெயர்) விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவார். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 'எஸ்.ஓ.' எனப்படும் கூர்ந்தாய்வு அலுவலர் திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். முதன்மைத் தேர்வாளர், அதாவது 'சீஃப்', சில தாள்களை எடுத்து மறுபடி திருத்திப் பார்ப்பார். கை தாராளமானவரையும் கஞ்சத்தனமானவரையும் நடுவே இழுத்து வைக்கும் ஏற்பாடு இது. வித்தியாசம் இதனால் சுருங்கும். ஆனால் பூச்சியம் ஆகாது.

இங்கேதான் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் உதவிக்கு வருகிறது. இயற்பியல் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கையில் கொடுத்ததும் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி, "இதன் மீச்சிற்றளவு என்ன?" ஒரு கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு மீச்சிற்றளவு என்று பெயர். வழக்கமான வெர்னியருக்கு 0.01 சென்டிமீட்டர், திருகு அளவிக்கு 0.01 மில்லிமீட்டர். அதற்குக் கீழே உள்ள வித்தியாசம் அந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் மாணவரையே அளக்கும் பிளஸ் டூ என்ற கருவிக்கு மீச்சிற்றளவு எவ்வளவு?

பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். 1984 முதல் நடந்துவந்த நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-இல் சட்டம் இயற்றி நீக்கிய பிறகு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அங்கே தராசு. 'கட்-ஆஃப்' என்று எல்லோரும் சொல்வது 200-க்குக் கணக்கிடப்படும் ஓர் எண். கணிதம் அப்படியே 100. இயற்பியலில் பாதி 50. வேதியியலில் பாதி 50. மதிப்பெண்கள் முழு எண்கள். பாதியாக்கினால் அரை வரும். ஆகவே 0, 0.5, 1, 1.5 என்று 200 வரை மொத்தம் 401 படிகள். மீச்சிற்றளவு 0.5. இதற்கு முன் பாடத்துக்கு 200 மதிப்பெண், மொத்தம் 1200 என்று இருந்த காலத்தில் அது 0.25, படிகள் 801. 2017-18-இல் பிளஸ் ஒன் வகுப்பிலிருந்து பாடத்துக்கு 100 என்று குறைத்து, மொத்தத்தை 600 ஆக்கினார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது என்றுதான் பேசினோம். கருவியின் கண் பாதியாக மங்கியதை யாரும் பேசவில்லை.

401 படிகளில் நிற்கப் போகிறவர்கள் சுமார் 2 லட்சம் பேர். சமமாக நின்றாலே படிக்கு 500 பேர். கணிதத்தில் புறாக்கூண்டுக் கொள்கை என்று ஒன்று உண்டு. கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமென்றால் ஏதோ ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் இருந்தே தீரும். இங்கே ஒரே கட்-ஆஃபில் கூட்டம் சேருவது யாருடைய குற்றமும் அல்ல, எண்ணிக்கையின் கட்டாயம்.

அந்தக் கூட்டத்துக்குள் ஓர் அழகும் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்-ஆஃபை எத்தனை விதமான மதிப்பெண்களால் அடையலாம்? 200 என்றால் ஒரே வழி: மூன்றிலும் நூறு. 199-க்கு எத்தனை என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கணிதத்தில் ஒன்று குறையலாம். இல்லையென்றால் இயற்பியலில் இரண்டு, அல்லது வேதியியலில் இரண்டு, அல்லது இரண்டிலும் ஒவ்வொன்று குறையலாம். நான்கு வழிகள். 198-க்கு ஒன்பது வழிகள். 197-க்குப் பதினாறு. 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன! 195-க்கு 36 வழிகள்; 190-க்கு 121. காரணம் எளிது. 195 எடுக்க வேண்டுமென்றால் கணிதத்தில் ஒன்றும் குறையாதபோது மற்ற இரண்டில் குறைவதை 11 விதமாகப் பிரிக்கலாம். கணிதத்தில் ஒன்று குறைந்தால் 9 விதம். இரண்டு குறைந்தால் 7. பிறகு 5, 3, 1. ஒற்றைப்படை எண்களை 1-இலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்கம்தான் கிடைக்கும் என்பது பழைய கணித உண்மை. பொறியியல் கலந்தாய்வின் அடியில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்.ஏ. தேறாத கும்பகோணத்துக்காரர் இதைப் பார்த்தால் அரை நொடியில் சிரித்திருப்பார்.

ஒரே படியில் நிற்பவர்களை எப்படிப் பிரிப்பது? முதலில் கணித மதிப்பெண் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல். பிறகு நான்காவது பாடம் முதலானவை, அதன் பின் பிறந்த தேதி, மூத்தவர் முந்துவார். எல்லாமே சமமாகிவிட்டால் கடைசி ஆயுதம் ரேண்டம் எண். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒரு பத்து இலக்க எண்ணை வழங்கும். பெரிய எண் வைத்திருப்பவர் முன்னால் போவார். பத்து இலக்கம் எதற்கு, ஆறு இலக்கமே 2 லட்சம் பேருக்குப் போதுமே என்று தோன்றும். போதாது. 23 பேர் கூடினாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். அதே கணக்கை இங்கே போட்டால், ஆயிரம் கோடி எண்களிலிருந்து 2 லட்சம் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாலும் சராசரியாக இரண்டு ஜோடிகளுக்கு ஒரே எண் விழுந்துவிடும். ஆறு இலக்கத்தில் கொடுத்தால் இப்படி மோதும் ஜோடிகள் இருபதாயிரம் அளவுக்குப் போகும். ஏற்கெனவே யாருக்கேனும் போயிருக்கிறதா என்று பார்க்காமல் பத்து இலக்கத்தைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது.

இன்னொரு சிக்கல், வேறு வாரியத்தில் படித்தவர்கள். வேறு வினாத்தாள், வேறு கெடுபிடி. 2006 சட்டம் இதற்குச் சொல்லும் வழி விகிதம். இயற்பியலில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உச்சம் 90 என்று வையுங்கள். அந்த 90-ஐ 100-க்குச் சமமாக்குவார்கள். அங்கே 60 எடுத்தவருக்கு இங்கே 66.66. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் முழுக் கூரையும் ஒரே தூணில், அந்த வாரியத்தின் முதல் மாணவர் என்ற ஒரே ஒருவரின் மேல் நிற்கிறது. இரண்டு வாரியத்திலும் யாராவது ஒருவர் சென்டம் வாங்கிவிட்டால் பெருக்கும் எண் 1. எந்திரம் வெறுமனே சுற்றும்.

இலங்கையின் ஏ.எல். தேர்வு 2001 முதல் வேறு வழியில் போகிறது. அங்கே கருவியின் பெயர் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எல்லோரின் சராசரியைப் பார்க்கிறார்கள். மதிப்பெண்கள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கும் ஓர் அளவு உண்டு. அதைத் திட்டவிலக்கம் என்பார்கள். மாணவர் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறார் என்பதே இசட் புள்ளி. சராசரி 40, திட்டவிலக்கம் 10 உள்ள கடினமான தாளில் 60 எடுத்தவரின் புள்ளி 2. சராசரி 60, திட்டவிலக்கம் 15 உள்ள எளிய தாளில் 75 எடுத்தவரின் புள்ளி 1. குறைந்த மதிப்பெண் வாங்கியவர் மேலே நிற்கிறார், நியாயமாகத்தான். ஆனால் ஒரே கூட்டத்தாரை மட்டும்தான் இப்படி ஒன்றாக அளக்கலாம். 2011 தேர்வைப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் எழுதினார்கள். இருவரையும் ஒரே கூட்டமாக்கிப் போட்ட இசட் புள்ளிகளை அடுத்த ஆண்டு இலங்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுபதுகளில் மொழிவாரியாக வந்த 'தரப்படுத்தல்' தமிழ் மாணவர்களுக்கு என்ன செய்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தக் கணக்குகளை வெறும் கணக்காகப் பார்க்க முடியாது.

இசட் புள்ளியை நான்கு தசமம் வரை வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் ஒருமுறை தசமம் எட்டிப் பார்த்தது. 2021-இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கலந்து மதிப்பெண் போட்டார்கள். முழு எண் உடைந்து தசமம் வந்தது. எழுதாத தேர்வுக்கு, எழுதிய தேர்வைவிட நுணுக்கமான மதிப்பெண்!

இந்த முரணில்தான் விஷயம் இருக்கிறது. மீச்சிற்றளவு வேறு, பிழை வேறு. திருகு அளவியில் இரண்டு தசமம் படித்தாலும், கம்பியைச் சற்று அழுத்திப் பிடித்தால் அளவு மாறிவிடும். தசமம் அதைக் காப்பாற்றாது. ஒரு பேச்சுக்கு, நம் முகாமில் இத்தனை கண்காணிப்புக்குப் பிறகும் ஒரு பாடத்தில் 3 மதிப்பெண் இப்படியோ அப்படியோ போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாடத்தின் பிழையும் எப்போதும் ஒரே திசையில் சேராது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கலாம். அதனால் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கணிதத்துக்கு 9, மற்ற இரண்டும் பாதி என்பதால் 2.25, 2.25, கூட்டினால் 13.5; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.7. அதாவது கட்-ஆஃப் 195 என்று அச்சாகும் எண்ணின் உண்மையான பொருள், 191-க்கும் 199-க்கும் நடுவில் எங்கோ என்பதுதான். படியின் உயரம் அரை. அதில் நிற்பவரின் ஆட்டம் இருபுறமும் ஏழு படி. 194.5 எடுத்தவர் 195 எடுத்தவரைவிடக் குறைந்தவர் என்று இந்தக் கருவியை வைத்து ஓர் இயற்பியலாளர் சொல்ல மாட்டார். ஆனால் கல்லூரி இருக்கை ஒன்றுதான் இருக்கிறது. யாரையாவது முன்னால் அனுப்பியாக வேண்டும். தரவரிசை ஒரு நிர்வாகத் தேவை. அதை அறிவின் அளவு என்று எண்ணிக்கொள்வது நம் பிழை. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. மாநிலத்தையே வரிசையில் நிறுத்தும் அளவுக்கு நுண்ணிய கருவி இது அல்ல என்பதால், அது புள்ளியியலுக்கும் சரியான முடிவு.

இவ்வளவு சாமர்த்தியமும் வரிசைப்படுத்துவதிலேயே செலவாகிவிட்டது என்பது என் குறை. 10+2-இன் கூட்டல் குறி இரண்டு கதவுகளுக்காக வைத்தது. ஒன்று கல்லூரிக்கு, இன்னொன்று தொழிலுக்கு. மேல்நிலையில் சேருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தொழிற்பிரிவுக்குப் போவார்கள் என்று கோத்தாரி குழு எண்ணியது. 1978-இல் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசியக் குழுவும் தொழிற்கல்வியைத்தான் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் தொழிற்பிரிவுகள் வந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் கல்யாண வீட்டில் "பிளஸ் டூ" என்றதும் அடுத்த கேள்வி, "ஃபர்ஸ்ட் குரூப்பா?" என்பதுதான். இரண்டாவது கதவு இருப்பதையே பல வீடுகள் அறியவில்லை.

மே மாதம் ரிசல்ட் வரும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் சந்தேகமாக இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். ஒரு தாள் போய்விட்டால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு, அதே ஆண்டில் சேர்ந்துவிடலாம். பிள்ளை மனம் கலங்கினால் பேச 104, கல்வி சம்பந்தமாகக் கேட்க 14417. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.